ஈரம் பிடித்த கார் ஷெட்டை 25,000 ரூபாய்க்குள் உருப்படியாக்க முடியுமா?

மடிப்பாக்கம் ரகு (ஜூன்)

வணக்கம். 1991-ல் அப்பா கட்டிய வீடு. கார் ஷெட் வீட்டோடு ஒட்டியது, மேலே ஒரு படுக்கையறை. உள்ளளவு 10-க்கு 18 அடி. முன்னால் இரும்புத் தகட்டு ஷட்டர், ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது. இடதுபக்கச் சுவரில் இடுப்புயரத்துக்கு உப்பு பூத்து, பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பின்மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. வெளிச்சத்துக்கு ஒரே ஒரு குண்டு பல்பு. காலையில் ஷட்டரைத் தூக்கினால் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது.

கார் நிற்க வேண்டும், இரண்டு டூவீலர் நிற்க வேண்டும். ஒரு மூலையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் வேலை எடுக்கலாம் என்று மனைவிக்கு யோசனை. பட்ஜெட் 25,000. பெயிண்ட் கடையில் கேட்டால், வாட்டர்புரூஃப் கோட்டிங் இரண்டு கை அடித்தால் போதும், பொருளுக்கு மட்டும் 14,000 ஆகும் என்கிறார்கள். அடிக்கலாமா?

பட்ஜெட் பாண்டி

அடிங்க சார். இல்லையென்றால் அதைவிட எளிது, பி.வி.சி. பேனல். சுவரில் ஃப்ரேம் அடித்து மாட்டிவிட்டால் உப்பும் தெரியாது, பூஞ்சையும் தெரியாது. தரைக்கு எபாக்ஸி (பளபளக்கும் பிசின் பூச்சு) ஊற்றினால் ஷோரூம் மாதிரி ஆகிவிடும்.

கொத்தனார் பேரன்

பாண்டி அண்ணே, தெரியாமல் போகும், இல்லாமல் போகாது. போன வருடம் ஒரு வீட்டில் பேனலைக் கழற்றினோம். பின்னால் இருந்த மர ரீப்பர் முழுக்கக் கரையான். ஈரச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் காற்றே போகாத ஓர் அங்குல இடைவெளி விட்டால் கரையானுக்கு வேறென்ன வேண்டும்?

ரிட்டயர்டு ஏ.இ.

ரகு சார், பெயிண்ட் இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் செலவு செய்கிற ஒவ்வொரு ரூபாயும் அடுத்த மழையில் போய்விடும்.

ஒரு ஷெட்டுக்குள் ஈரம் வருவதற்கு வழிகள் அதிகம் இல்லை. அஸ்திவாரத்து மண்ணிலிருந்து செங்கல் உறிஞ்சி மேலே ஏற்றலாம். வெளியே தேங்கும் மழைத்தண்ணீர் பக்கவாட்டில் சுவருக்குள் இறங்கலாம். மாடியில் இருக்கும் பாத்ரூமோ குழாயோ கசியலாம். இது எதுவுமே இல்லாமல், காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தரையிலும் மூலையிலும் வியர்த்து நிற்கலாம். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். வைத்தியம் வேறு வேறு.

செலவில்லாமல் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பாலித்தீன் ஷீட்டை வைத்து, நாலு ஓரத்தையும் டேப் போட்டு இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் நீர்த்துளி நின்றால் அல்லது தரை கறுத்திருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேல்பக்கம் நின்றால் காற்றிலிருந்து வருகிறது. பூஞ்சை பிடித்த மூலையிலும் ஒரு துண்டு ஒட்டிப் பாருங்கள்.

அடுத்தது, சுவரில் ஈரத்தின் மேல்கோடு எப்படி இருக்கிறது? கீழிருந்து ஏறுகிற ஈரம் சுவர் நெடுக ஓரளவு ஒரே உயரத்தில் கோடு போடும். குழாய்க் கசிவு ஓரிடத்தில் திட்டாக இருக்கும், வெயில் காலத்திலும் காயாது.

முக்கியமானது கடைசியில். அந்த இடதுபக்கச் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். உள்ளே தரை எந்த மட்டம், வெளியே மண் எந்த மட்டம், ரோடு எந்த மட்டம்? இந்த மூன்றையும் எழுதுங்கள், அப்புறம் பெயிண்ட் பேசலாம்.

தாம்பரம் வாசி

ரோடு மட்டம் என்றதும் எங்கள் தெரு ஞாபகம் வந்துவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் போட்டு, வாசற்படி இரண்டு மண்ணுக்குள் போய்விட்டது. சுரண்டிவிட்டுத்தான் புதுத் தார் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். அதற்கு முன்னால் ஏறிய உயரத்தை யார் இறக்குவது?

பட்ஜெட் பாண்டி

ஜாக்கி போட்டு வீட்டையே தூக்கிவிட வேண்டியதுதான். சென்னையில் அதற்கும் ஆள் இருக்கிறார்கள்.

ரிட்டயர்டு ஏ.இ.

இருக்கிறார்கள். 25,000-க்கு வர மாட்டார்கள்.

மடிப்பாக்கம் ரகு

சார், சொன்னபடி எல்லாம் செய்து பார்த்தேன்.

நடுத்தரையில் ஒட்டிய ஷீட் இரண்டு பக்கமும் காய்ந்திருந்தது. பூஞ்சை மூலையில் ஒட்டியது மேல்பக்கம் லேசாக வியர்த்திருந்தது, அடியில் ஒன்றும் இல்லை. அந்த மூலையில் கூரை உயரத்துக்குப் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். மாடி பாத்ரூம் வீட்டின் எதிர்ப்பக்கம், ஷெட்டுக்கு மேலே குழாயே ஓடவில்லை.

இடதுபக்கச் சுவரில் கோடு ஒரே உயரம்தான், ஏறக்குறைய மூன்று அடி. பின்பக்கம் போகப் போக மட்டும் கூடுகிறது. வெளியே போய்ப் பார்த்தேன். சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஒன்றரை அடிச் சந்து. மாடி கட்டினபோது மிஞ்சின உடைகல், மணல், ஓட்டுத்துண்டு எல்லாம் அதில்தான் கொட்டிக் கிடக்கிறது. ஷெட் தரையைவிட வெளியே மண் ஓர் அடிக்கு மேல் உயரம். மழைநீர் சேகரிப்புக் குழியும் அந்தச் சந்தின் பின்கோடியில்தான். 2003-ல் கட்டாயம் என்று சொன்னபோது அவசரமாகத் தோண்டினது, அதன்பிறகு யாரும் திறந்ததில்லை. மொட்டைமாடித் தண்ணீர் மொத்தமும் அதில் இறங்குகிறது. ரோடு, ஷெட் தரையைவிட முக்கால் அடி உயரம்.

ரிட்டயர்டு ஏ.இ.

உங்கள் பெயிண்ட் கேள்விக்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். சுவரைத் தொட்டுக்கொண்டு ஓர் அடி மண், அந்த மண்ணுக்குள் மாடித் தண்ணீர். இருபது வருடம் திறக்காத குழியில் வண்டல் அடைத்திருக்கும். தண்ணீர் கீழே இறங்காமல் வழிந்து சந்தில் நிற்கும். பின்பக்கம் கோடு உயர்வதற்குக் காரணம் அதுதான்.

செய்ய வேண்டியது கொத்தனார் வேலைகூட இல்லை, மண்வெட்டி வேலை. சந்தில் இருக்கும் இடிபாட்டை மொத்தமாக அள்ளுங்கள். ஷெட் தரைக்கு அரை அடி கீழே போகிறவரை மண்ணை எடுங்கள். ஒரேயடியாக அஸ்திவாரம் தெரிகிற வரை தோண்ட வேண்டாம், காம்பவுண்டு சுவர் சாயும். மாடியிலிருந்து இறங்கும் குழாயை இரண்டு எல்போ போட்டுத் திருப்பி, முன்பக்கம் சுவரைவிட்டுத் தள்ளி ஒரு குழிக்குக் கொண்டுபோங்கள். பழைய குழியை மூடிவிடாதீர்கள், சேகரிப்பு இருந்தே ஆக வேண்டும். வண்டலை அள்ளிவிட்டு ஜல்லியைக் கழுவித் திரும்பப் போட்டு, கிணற்றடித் தண்ணீர் மாதிரி சின்ன வரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை முடிக்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

பட்ஜெட் பாண்டி

சார் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மையிலேயே கேட்கிறேன். வாட்டர்புரூஃப் என்றுதானே டப்பாவில் போட்டிருக்கிறது? உள்ளே அடித்தால் ஏன் நிற்காது?

ரிட்டயர்டு ஏ.இ.

பாண்டி, நல்ல கேள்வி. மொட்டைமாடியில் அடிக்கும்போது தண்ணீர் மேலிருந்து கோட்டிங்கை காங்கிரீட்டோடு சேர்த்து அழுத்துகிறது. ஷெட்டுக்குள் அடித்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னாலிருந்து கோட்டிங்கை வெளியே தள்ளுகிறது. பிடிப்பு எவ்வளவு இருந்தாலும், பின்னால் உப்பு படிகமாகும்போது அதையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். பெயராமல் நின்றால் இன்னும் மோசம். வெளியேற வழியில்லாத ஈரம் மேலே ஏறும். மூன்றடியில் இருந்த கோடு ஐந்தடிக்குப் போய்விடும். சிமெண்டை அதிகமாகப் போட்ட கலவையில் கெட்டியாகப் பூசினாலும் இதே கதைதான்.

எபாக்ஸியும் அப்படித்தான். ரகு வீட்டில் தரை காய்ந்திருக்கிறது என்றாலும் அது ஜூன் மாத வெயிலில் காய்ந்தது. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது கொப்புளம் போடும். மடிப்பாக்கம் தாழ்வான ஏரியா, பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கே தரையை மூடி முத்திரை குத்துவது புத்திசாலித்தனம் இல்லை.

தஞ்சை லலிதா

தம்பி ரகு, அப்படியானால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிங்க. எங்கள் மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகைச் சுவர் வருடா வருடம் தைக்குச் சுண்ணாம்பு வாங்கியே நிற்கிறது. சுண்ணாம்பு ஈரத்தை அடைக்காது, விட்டுவிடும். பூஞ்சையும் சீக்கிரத்தில் வராது.

கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுதான் வெள்ளை. தாளித்து (தண்ணீரில் கொதிக்கவிட்டு) ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய வேட்டியில் வடிகட்டுங்க. மோர் பதத்துக்கு நீர்க்க இருக்க வேண்டும். கெட்டியாக அடித்தால் காய்ந்ததும் உதிரும். மெல்லிசாக மூன்று கை. ஒவ்வொரு கைக்கு முன்னாலும் சுவரை லேசாக நனையுங்கள். கடைசிக் கையில் கொஞ்சம் நீலம் போட்டால் கண்ணுக்குக் குளிர்ச்சி. கொதிக்கும்போது கிட்டே குழந்தைகளை விடாதீங்க, அடிக்கும்போது கண்ணாடி போடாமல் மேலே அண்ணாந்து பார்க்காதீங்க. கண்ணில் பட்டால் விபரீதம்.

தாம்பரம் வாசி

அக்கா, எல்லாம் சரி, சட்டையில் ஒட்டுமே? கார் ஷெட்டில் இறங்கும்போது முதுகு சுவரில் உரசாமல் இருக்குமா?

தஞ்சை லலிதா

ஒட்டும்தான். கடைசிக் கையில் வடித்த கஞ்சி கொஞ்சம் கலந்தால் குறையும், அடியோடு போகாது. கார் கதவு திறக்கிற பக்கத்தில் மட்டும் தோளுயரத்துக்கு வேறு ஏதாவது யோசிங்க.

கொத்தனார் பேரன்

ரகு அண்ணே, சுண்ணாம்புக்கு முன்னால் பழைய பூச்சை எடுத்தே ஆக வேண்டும். உப்பு ஏறின பூச்சு காற்றிலிருந்தே ஈரம் இழுக்கும். ஈரக்கோட்டுக்கு மேலே ஓர் அடி தள்ளி, அதாவது தரையிலிருந்து நாலடி வரை, செங்கல் தெரியக் கொத்திவிடுங்க. உப்பைக் கம்பி பிரஷ்ஷால் உலர்ந்தபடி தேய்த்துக் கூட்டி வெளியே கொட்டுங்க. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். ஆசிட் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அவசரப்படாமல் காயவிடுங்க. சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் காயும் என்று தாத்தா சொல்வார். நம்ம ஊர் வெயிலுக்கு 9 அங்குலச் சுவர் அதைவிடச் சீக்கிரம் காயும், ஆனாலும் ஆடி முடிகிறவரை அப்படியே விடுங்க. திரும்பப் பூசும்போது சிமெண்டைக் குறைத்து, சுண்ணாம்பு கலந்த கலவையில் பூசுங்க. போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கலவைக்கும் கியூரிங்குக்கும் (பூச்சை நனைத்து வைப்பதற்கும்) அதை எடுக்காதீங்க. இல்லையென்றால் நாமே காசு கொடுத்து உப்பை ஏற்றினது போல ஆகும்.

மடிப்பாக்கம் ரகு

சந்து வேலை முடிந்தது. இரண்டு ஆள், ஒரு மினி வண்டி நிறையக் குப்பை. குழியைத் திறந்தால் ஜல்லிக்கு மேல் இரண்டடி சேறு. பூச்சு நாளை கொத்துகிறார்கள்.

இப்போது மூலைப் பூஞ்சைக்கு என்ன செய்வது? கல்லுப்பு வாளி வைத்தால் ஈரம் இழுக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆன்லைனில் 3,000 ரூபாய்க்கு ஈரம் உறிஞ்சும் சின்ன மெஷினும் வருகிறது.

ஹாரோ அண்ணன்

தம்பி, நான் லண்டனில் இருந்து. இங்கே எங்கட கராஜ் ஒற்றைச் செங்கல் சுவர், வருசத்தில் எட்டு மாதம் ஈரம்தான். அந்தச் சின்ன மெஷினை வாங்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணியும் எடுக்காது. பெரியது நான் வைத்திருக்கிறேன். இங்கே குளிர் என்றபடியால் கம்ப்ரஸர் வகை சரியாக வேலை செய்யாது, அதனால் ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த டெசிக்கன்ட் வகை எடுத்தேன். கரன்ட் பில் கொஞ்ச நஞ்சம் இல்லை. அதோடு கராஜ் கதவை அடைத்து வைத்தால்தான் பிரயோசனம். கதவு திறந்த கராஜில் மெஷின் போடுவது வெளி உலகத்தைக் காயவைக்கப் பார்ப்பதுதான். கல்லுப்பு வாளிக்கும் அதே நியாயம்.

இன்னொன்று, யாருடைய ஷெட்டிலாவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் துளை போடவோ சுரண்டவோ வேண்டாம். இங்கே 1999-இல் முழுதாகத் தடை செய்துவிட்டார்கள். ஊரில் இன்னும் கூரைக்குப் போடுகிறார்கள்.

ரிட்டயர்டு ஏ.இ.

அண்ணன் சொன்னது சரி. ரகு, உங்கள் மூலைக்கு மருந்து காற்றோட்டம். பெட்டிகளைக் காலி செய்யுங்கள். ஷட்டரின் கீழ்த் தகடுகளில் இரண்டைக் கழற்றி, துளை போட்ட தகடு மாட்டச் சொல்லுங்கள். உள்பக்கம் எலி நுழையாத அளவுக்குச் சின்னக் கண் கம்பிவலை. எதிர்ச்சுவரில், பூஞ்சை மூலைக்குப் பக்கத்தில், கூரையை ஒட்டி ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன். காற்று முன்னால் கீழே நுழைந்து பின்னால் மேலே வெளியேற வேண்டும். நுழைகிற வழி இல்லாமல் ஃபேன் மட்டும் போட்டால் சும்மா சுற்றும்.

மழையில் நனைந்த காரை உள்ளே விட்டதும் ஷட்டரை இறக்காதீர்கள். காரிலிருந்து வடிகிற தண்ணீர் அத்தனையும் உள்ளேதான் ஆவியாகும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ‘சூடாக்கவும்’ கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

பூஞ்சைக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல், மாஸ்க் போட்டுக்கொண்டு. அதோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

ரோட்டுத் தண்ணீருக்கு ஷட்டருக்கு வெளியே நாலு அங்குல உயரத்தில் சரிவான மேடு ஒன்று போதும். கார் வயிறு தட்டாத அளவு நீளமாக இழுத்துப் போடச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் அது தாங்காது, சாதாரண மழைக்குத் தாங்கும்.

வயர்மேன் செல்வம்

ரகு அண்ணே, வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நாலடி எல்.இ.டி. பேட்டன் (குழல் விளக்கு) 20 வாட் மூன்று போடுங்க. நடுவில் வரிசையாகப் போடாதீங்க, கார் கூரைதான் பளிச்சென்று இருக்கும். இரண்டு பக்கச் சுவரை ஒட்டி ஒவ்வொன்று, பின்சுவரில் ஒன்று. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், 600 ரூபாயில் ஷெட் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

பிளக் பாயிண்ட் எதுவும் நாலடிக்குக் கீழே வேண்டாம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் உங்கள் பக்கம் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஷெட் லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) போடுங்க. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மெஷின் ஓட்டுகிற இடம், இதில் மட்டும் காசு பார்க்காதீங்க.

பட்ஜெட் பாண்டி

பேனல் போச்சு, எபாக்ஸி போச்சு, பெயிண்ட் போச்சு. தரைக்காவது ஏதாவது விட்டுவையுங்கள்.

கொத்தனார் பேரன்

இருக்கிற சிமெண்ட் தரையே போதும், பள்ளத்தை மட்டும் அடைத்தால் சரி. அழகு வேண்டும் என்றால் பின்னால் பேவர் பிளாக் போடலாம். ஈரத்தை விடும், தேவைப்பட்டால் கழற்றியும் எடுக்கலாம். சாமான்களுக்கு ஆங்கிள் ரேக், சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி. அட்டைப்பெட்டி வேண்டாம், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா.

மடிப்பாக்கம் ரகு (நவம்பர்)

ரொம்ப நாள் கழித்து வருகிறேன். இந்த மழைக்காலத்தில் நல்ல மழை இரண்டு மூன்று பெய்துவிட்டது, அதனால் இப்போது எழுதலாம்.

செலவு: சந்து அள்ளவும் வண்டிக்கும் 2,800, குழாய் 600, கொத்தனார் சித்தாள் கூலி 4,000, சிமெண்ட் மணல் 1,500, சுண்ணாம்பு 700, ஷட்டர் தகடும் வலையும் 4,300, ஃபேன் 1,700, லைட்டு 900, வயரிங்கும் ஆர்.சி.சி.பி.யும் 3,200, ரேக் 3,500. மொத்தம் 23,200. சுண்ணாம்பை நானும் மகனும் அடித்தோம்.

நாற்றம் போய்விட்டது. மூலையில் பூஞ்சை திரும்பவில்லை. இடதுபக்கச் சுவரில் பின்கோடியில் மட்டும் முக்கால் அடி உயரத்துக்கு நிறம் மாறியிருக்கிறது, பழையபடி மூன்றடி ஏறவில்லை. லேசாக உப்பும் தெரிகிறது. கார் கதவுப் பக்கம் சுண்ணாம்பு ஒட்டுகிறது என்று வீட்டில் தினமும் பேச்சு, அங்கே பழைய பிளாஸ்டிக் பாய் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன். சுவரைத் தொடாமல் தொங்குகிறது, ஏ.இ. சார் திட்ட வேண்டாம்.

ரிட்டயர்டு ஏ.இ.

பாய்க்கு அனுமதி உண்டு. பின்கோடி ஈரம் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற பங்கு. 1991 வீட்டில் பிளிந்த் மட்டத்தில் (அஸ்திவாரத்துக்கு மேலே சுவர் தொடங்குகிற இடத்தில்) ஈரத்தடுப்புப் படை போட்டார்களோ என்னவோ. சுவரில் வரிசையாகத் துளை போட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கும் சிலேன் கிரீம் ஏற்றுகிற முறை இருக்கிறது. முக்கால் அடிக்காக அந்தச் செலவு வேண்டாம். உப்பைத் தேய்த்துக் கூட்டிவிட்டுத் தை மாதம் இன்னொரு கை சுண்ணாம்பு அடியுங்கள். இரண்டு மூன்று வருடத்தில் உப்பு குறைந்துகொண்டே வரும்.

தையல் மெஷின் போட்டாயிற்றா?

மடிப்பாக்கம் ரகு

மெஷின் போட்டாயிற்று, பலகை வைத்து அரை அடி உயர்த்தி. துணி மட்டும் அங்கே வைப்பதில்லை. வேலை முடிந்ததும் மேலே எடுத்துப் போய்விடுகிறார். 200 ரூபாய்க்கு ஈரமானி ஒன்று வாங்கி மாட்டினேன், மழை நாளில் காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டுகிறது. வெளியே எவ்வளவோ அதேதான் உள்ளேயும்.

ரிட்டயர்டு ஏ.இ.

ஃபேன் போட்ட ஷெட்டில் அதற்குக் கீழே போகாது. ஐப்பசி கார்த்திகையில் துணியை மேலேயே வையுங்கள்.

தாம்பரம் வாசி

ரகு சார், கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கே கிடைத்தது? எங்கள் பக்கம் கேட்டால் பாக்கெட் பவுடரைக் காட்டுகிறார்கள்.

மடிப்பாக்கம் ரகு

பெயிண்ட் கடையில் கிடைக்காது. கோயில் திருப்பணி வேலை நடக்கிற இடத்தில் விசாரித்தேன், அவர்கள் வாங்குகிற இடத்தைச் சொன்னார்கள். மூட்டையாகத்தான் தருவார்கள். என்னிடம் பாதி மூட்டை மிச்சம் இருக்கிறது, காற்றுப்படாமல் கட்டி வைத்திருக்கிறேன். தனிமடல் போடுங்கள், வந்து எடுத்துக்கொள்ளலாம்.